பாசிக்கு மோர்

மிக்சியில் மோரும் பாசியும் போட்டு அரைத்தேன்.
சின்ன ஜார். சட்னி ஜார்.
வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.
மறுநாள் இட்லிக்குத் தெரிந்துவிட்டது.

நாயுடுபுரம் இறக்கத்தில் என் நர்சரி.
முன்பெல்லாம் மாதம் மூன்று மூட்டைப் பாசி வரும்.
பாக்கியசீலன் கொண்டுவருவான்,
யூரியா சாக்கில், விடியுமுன்,
விளக்கணைத்த ஜீப்பில்.
எங்கிருந்து என்று நான் கேட்டதில்லை.
கேட்காமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் விலை.

கமேலியாக் கிளையில்
மோதிர அகலத்துக்குப் பட்டை உரித்து
நனைந்த பாசி ஒரு கைப்பிடி வைத்து
பாலிதீன் சுற்றி இரு முனையும் கட்டினால்
பத்தாவது வாரம் உள்ளே
வெள்ளை வெள்ளையாய் வேர் தெரியும்.
தனக்கென்று ஒரு வேர் இல்லாதது
இன்னொன்றுக்கு வேர் பிடிக்க வைக்கிறது.
வத்தலக்குண்டிலிருந்து வருகிறவரிடம் இதைச் சொன்னால்
"அதெல்லாம் சரி, செடி என்ன விலை?" என்பார்.

ஒருநாள் மூட்டை அவிழ்த்தேன்.
பாசியோடு மரப்பட்டையும் உரிந்து வந்திருந்தது,
பட்டையோடு விரல்நீள ஆர்க்கிட்,
அதன் மடிப்பில்
மிளகளவு தவளை மூன்று.
இரண்டு அசைந்தன.
சோலை பதினெட்டு கிலோமீட்டர்.
பேசினுக்கு அடியில் ஈரத்தில் விட்டேன்.
பிறகு குனிந்து பார்க்கவில்லை.

அந்த வாரமே செக்போஸ்ட்டில் வைரவன் சார்
பாக்கியசீலனைப் பிடித்துவிட்டார்.
போனில் அழுதான்.
நான் அவனுக்குப் பாக்கி வைத்திருந்தேன்,
அதனால் அதிகம் பேசவில்லை.

மோர் யோசனை தந்தது
பெங்களூரிலிருந்து வந்து பங்களா வாங்கிய ஒருவர்.
"அரைத்துச் சுவரில் பூசுங்கள்,
மூன்று மாதத்தில் பச்சைக் கம்பளம்."
பெயிண்ட் பிரஷ்ஷால் பூசினேன், பின்சுவர் முழுக்க.
முதல் வாரம் எறும்பு.
அப்புறம் வெள்ளைப் பூஞ்சை.
ஒரு பூனை வந்து முழங்கால் உயரம்வரை நக்கிவிட்டுப் போனது.
மிச்சத்தை ஐப்பசி மழை கழுவியது.

பாசி வந்தது.
நான் பூசிய சுவருக்கு அல்ல;
தொட்டியின் வடக்கு முகத்தில்,
குழாய் முழங்கை சொட்டும் இடத்துக்கு.
முதலில் யாரோ பச்சை மையை உதறியது போல,
பிறகு பூனை முதுகு போல,
பிறகு குண்டூசியிலும் மெல்லிய காம்புகள்
ஆளுக்கொரு தொப்பியோடு.

வீட்டுக்காரர் பிளீச்சிங் பவுடரோடு வந்தார்.
நடுவில் நின்றேன், வாடகையை முன்கூட்டியே நீட்டியபடி.
பிளம்பர் கிறிஸ்டோபரை இரண்டு முறை திருப்பி அனுப்பினேன்.
என் சாகுபடி முறை இவ்வளவுதான்:
வாஷர் மாற்றாதே.

பங்குனியில் நகராட்சித் தண்ணீர் நின்றது.
டீத்தூளாய்ச் சுருங்கிக் கறுத்தது.
போயிற்று என்று நினைத்து
டம்ளரில் மிச்சமிருந்ததை ஊற்றினேன்.
நான் டம்ளரை வைத்துத் திரும்புவதற்குள்
விரிந்து கொண்டிருந்தது.

டிசம்பரில் உபதேசியார் சவரிராயன்,
வழக்கம் போல், குடிலுக்கு ஒரு மூட்டை என்றார்.
"மூட்டை இல்லை. நார் இருக்கிறது, பச்சைச் சாயம் போட்டது."
"பாசி இல்லாமல் மாட்டுத் தொழுவமா?"
"பெத்லகேமில் பாசி இருந்ததா?"
அவர் பார்த்த பார்வைக்கு
பாவசங்கீர்த்தனம் இரண்டு வாரம் போதாது.
கத்தியால் உள்ளங்கையளவு கீறிக் கொடுத்தேன்.
கழுதைக்குக் கீழே வைத்தார்.
மற்றதெல்லாம் சாயம் போட்ட மரத்தூள்.

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்த மறுநாள்
போய்த் திருப்பிக் கேட்டேன்.
சிரித்தார். பழைய வாரத்தாளில் மடித்துத் தந்தார்.
எடுத்த இடத்திலேயே வைத்து
கட்டைவிரலால் அழுத்தினேன்.
தங்கத்தூள் இன்னும் மினுங்குகிறது.
ஒட்டிக்கொண்டு வந்த
சுண்ணாம்பு ஆட்டின் ஒரு காலை
நான் பிடுங்கவில்லை.

பதியத்துக்கு இப்போது தேங்காய் நார்.
வேர் பத்துப் பன்னிரண்டு நாள் தாமதிக்கிறது.

நேற்று அளந்தேன்.
ஒரு வருடத்தில் விளிம்பு
என் சுண்டுவிரல் நகத்தைத் தாண்டவில்லை.
இந்த வேகத்தில் ஒரு மூட்டை சேர எத்தனை வருடம்,
மாதம் மூன்று மூட்டை, பதினொரு வருடம் என்றால்
என்று பில் புத்தகத்தின் பின்பக்கத்தில்
பெருக்க ஆரம்பித்து
பேனாவை மூடினேன்.